சமையலறையோடு ஐரோப்பா சுற்றினோம்!

ஐரோப்பியப் பிரயாணம் என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் ‘பத்து நாளில் ஏழு தேசம்’ வகைதான். விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பி விடுவார்கள். அவசர அவசரமாக ரொட்டி, ஜாம். பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் போடு, சாயங்காலம் இறக்கு, காலையில் மறுபடி தூக்கு. இளவட்டங்களுக்கு அது சரி. வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டிய, ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டிய ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு போவதென்றால்?

என் மாமியாருக்கு வயது 69. இருபது வருஷமாகச் சர்க்கரை. கடைசி ஆறு வருஷமாக இன்சுலின். அவருடைய ஒரே பெண், அதாவது என் நாத்தனார், ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் இருக்கிறாள். “அம்மா நடமாட்டமா இருக்கறப்பவே ஒரு தடவை அழைச்சிட்டு வாங்க அண்ணி” என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். “வெளியூர்ல வேளைக்குச் சாப்பாடும், நினைச்சப்போ பாத்ரூமும் கிடைக்காம நான் எங்கே வரது?” என்று மாமியார் தட்டிக் கழித்துவிடுவார்.

“அப்படின்னா ரெண்டையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போவோம்” என்றாள் நாத்தனார். அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் கேம்பர் வேன். ஒரு கோடை விடுமுறையில் மாமியார், என் கணவர், நான், 13 வயதுப் பெண், 8 வயதுப் பையன், நாத்தனார் என்று ஆறு பேர் இரண்டு வாரம் அந்த வண்டியிலேயே குடித்தனம் செய்தோம். வண்டி ஓட்டியது முழுக்க முழுக்க நாத்தனார்தான்! அங்கே சாதாரணக் கார் லைசென்ஸிலேயே மொத்த எடை 3,500 கிலோ வரையுள்ள வண்டியை ஓட்டலாம்.

வண்டியா, வீடா?

எங்களுக்குக் கிடைத்தது ஏழு மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் அதிக உயரமுள்ள வண்டி. டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி இருவர் படுக்கும் இடம். சாப்பாட்டு மேஜையைத் தாழ்த்தினால் அதுவும் இருவருக்குப் படுக்கை. பின்பக்கம் ரயில் பெர்த் போல ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. நடுவில் மூன்று பர்னர் காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஃபிரிட்ஜ். துணி அலமாரி அளவுக்கு ஒரு பாத்ரூம்.

நல்ல தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர். ஆறு பேருக்கு 100 லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு பக்கெட்கூட இல்லை! பாத்திரம் கழுவும் தண்ணீர் கீழே வேறொரு தொட்டியில் சேரும். கழிவறையின் அடியில் சூட்கேஸ் போல ஒரு பெட்டி. சுமார் 18 லிட்டர் பிடிக்கும். அதில் வாடை வராமலிருக்க ஒரு நீல மருந்து ஊற்ற வேண்டும். நிரம்பியதும் வண்டியின் வெளிப்பக்கக் கதவைத் திறந்து பெட்டியை உருவி, முகாம்களில் அதற்கென்றே உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். இந்தப் பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு ஒரு கதை இருக்கிறது.

இந்த மாதிரி வண்டிகள் எப்படி வந்தன என்று நாத்தனார் சொன்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மியூனிக்கிலிருந்து போகும் வழியில் ஆல்கோய் மலைப் பிரதேசத்தில் இஸ்னி என்று ஒரு சிற்றூர். அங்கே ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்பவரின் குடும்பம் சாட்டையும் பனிச்சறுக்குக் கையுறையும் தயாரித்து வந்தது. வியாபார விஷயமாக அவர் ஊர் ஊராக அலைவார். அவருக்கு வாழ்க்கைத் துணையாக வந்த ஃப்ரீடல் ஓர் ஓவியர். பிரிந்திருக்க அவருக்கு விருப்பமில்லை. கூடவே போக வேண்டும், போகிற இடத்தில் படமும் வரைய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகவே 1931-ல் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும்படி ஒரு சின்ன வீட்டை டெத்லெஃப்ஸ் கட்டினார். ‘குடியிருக்கும் கார்’ என்று அதற்குப் பெயர். பிறகு 1950-ல் வோக்ஸ்வாகன் கம்பெனியின் வேன் வந்தது. 1951-லிருந்து வெஸ்ட்ஃபாலியா என்ற இன்னொரு கம்பெனி அதற்குள்ளேயே படுக்கையும் அலமாரியும் வைத்துக் கொடுத்தது. ஆக, புருஷனைப் பிரிந்திருக்க மனமில்லாத ஒரு பெண்ணின் ஆசை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது, பாருங்கள்!

செலவும் சட்டமும்

இது மலிவான பிரயாணம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் வாடகை உச்சத்தில் இருக்கும். எங்களுக்கு வாடகை ஒரு நாளைக்கு 160 யூரோ. 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் டீசல் குடித்தது. முகாம்களில் தங்கும் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஜெர்மனியில் வண்டிகள் நிறுத்த மட்டும் உள்ள இடங்களில் இரவுக்கு 18 யூரோ கொடுத்தோம். இத்தாலியில் ஏரிக்கரையில் நீச்சல் குளத்தோடு கூடிய முகாமில் ஆறு பேருக்கு 70 யூரோ ஆனது. மொத்தத்தில் போக்குவரத்து, இருப்பிடம் இரண்டும் சேர்த்து இரவுக்கு 230 யூரோ சொச்சம். ஆறு பேருக்கு ஹோட்டலில் இரண்டு மூன்று அறையும், ரயில் டிக்கெட்டும், மூன்று வேளை வெளிச் சாப்பாடும் போட்டுப் பார்த்தால் இது கட்டுப்படியாகும். கணவன், மனைவி இருவர் மட்டும் போவதானால் ரயிலும் சிறு விடுதியுமே சிக்கனம்.

விசா விஷயம் சுலபம். ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்லோவேனியா எல்லாம் ஷெங்கன் என்ற ஒரே விசா வட்டத்துக்குள் வருபவை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வயதானவர்கள் வந்தால், ஏற்கெனவே உள்ள வியாதிக்கும் அந்தக் காப்பீடு பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாலைக் கட்டணம்தான் தேசத்துக்குத் தேசம் வேறு. ஜெர்மனியில் இந்த அளவு வண்டிக்குக் கட்டணமில்லை. ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் இத்தனை நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். ஆனால் பிரென்னர் கணவாய்ச் சாலைக்கும், மலையைக் குடைந்த சில சுரங்கப் பாதைகளுக்கும் தனியே வசூல். இத்தாலியில் நம் ஊர் டோல்கேட் போல வாசலில் பணம். இத்தாலியின் பழைய நகரங்களின் நடுப்பகுதியில் வெளி வண்டிகள் நுழையக்கூடாது. காமிரா படம் பிடித்து, அபராதச் சீட்டு வீட்டுக்கே வந்துவிடும்.

எட்டு வயதுப் பையனுக்கு உயர ஆசனம் வாங்கி வைத்திருந்தாள் நாத்தனார். ஜெர்மனியில் 12 வயதுக்குள், 150 செ.மீ. உயரத்துக்குக் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது கட்டாயம். வண்டி ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்தே இருக்க வேண்டும். படுக்கை இருக்கிறதே என்று குழந்தையைப் படுக்க வைத்துப் போகக்கூடாது. எத்தனை படுக்கை என்று மட்டும் பார்த்து வண்டி எடுக்காமல், எத்தனை பெல்ட் என்றும் பாருங்கள்.

எடை இன்னொரு தலைவலி. 3,500 கிலோவில் வண்டியே பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஆறு பேர், தண்ணீர், சாமான் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் இரும்பு தோசைக்கல்லும் பித்தளைச் சொம்பும் மியூனிக்கிலேயே தங்கிவிட்டன.

அடுப்படி சமாசாரம்

இந்தியாவிலிருந்து நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் முறையான சான்றிதழ் வேண்டும். நான் கொண்டுபோனது பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, வறுத்த ரவை. அரிசி பருப்பை நாத்தனார் மியூனிக்கில் இந்தியக் கடையில் வாங்கி வைத்திருந்தாள். தயிர் எங்கும் தாராளமாகக் கிடைக்கிறது. வயிற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, அடிகனமான வாணலி ஒன்று, எவர்சில்வர் பாத்திரம் இரண்டு. இதற்குமேல் அந்த அடுப்பு தாங்காது. தாளிக்கும்போது மேற்கூரை ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கடுகு வாசனை ராத்திரி தலையணையிலும் இருக்கும். நான் காலையிலேயே ஒரு நாளைக்கான தாளிப்பு முழுவதையும் முடித்து ஒரு டப்பாவில் வைத்துவிடுவேன்.

முகாமில் கரண்ட் கொடுப்பார்கள். பல இடங்களில் 6 ஆம்பியர்தான். அதாவது சுமார் 1,380 வாட். சின்ன ரைஸ் குக்கருக்குப் போதும். 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் வண்டி முழுக்க இருட்டாகிவிடும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் அநேகமாக மூடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் காய்கறி, பால் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

காஸ் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. வண்டி ஓடும்போது சிலிண்டர் வாயை மூடி வைப்பது பத்திரம். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு நிறமும் வாசனையும் இல்லாத விஷம். தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அது பரவினால் கத்தும் சின்ன அலாரம் கடையில் கிடைக்கிறது. வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

வீடு வந்தால் வேலையும் வரும்

முதல் நாள் போடன் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் ஏரி அது. கரையில் நின்றால் எதிரே மலைகள். இறங்கியதும் குழந்தைகள் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். இவர் காமிராவோடு போனார். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து எதிரே பார்த்தார். நான் வழக்கம்போல அடுப்பைப் பற்றவைக்கக் கை நீட்டினேன்.

நாத்தனார் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அண்ணி, நீங்க சமையலறையைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டு ஒரு தாளில் எழுத ஆரம்பித்தாள். சமையல் நானும் அவளும் மாற்றி மாற்றி. பாத்திரம் கழுவுவது என் பெண். தண்ணீர் பிடிப்பது, கரண்ட் ஒயர் மாட்டுவது, கழிவுப் பெட்டி காலி செய்வது மூன்றும் இவர். படுக்கை மடித்து வைப்பது பையன். காய் நறுக்குவது மாமியார். “என்னையும் சேர்த்துக்கோங்க. சும்மா உட்கார்ந்தா எனக்குக் காலு மரத்துப்போகும்” என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தாள் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டது.

மறுநாள் நான் அந்த ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு வெளியூரில், கையில் கரண்டியோ பையோ இல்லாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஹோட்டலில் தங்கினால் வேலையை வேறு யாரோ செய்துவிடுவார்கள். இங்கே வேலை நம்மோடுதான் வருகிறது. அதைப் பங்கு போடாவிட்டால் மற்றவர்களுக்கு ஐரோப்பா, அம்மாவுக்கு மட்டும் அடுப்படி என்று ஆகிவிடும்.

மாமியார் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

பிரென்னர் கணவாய் 1,370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கினால் உஷ்ணமும் கூடவே ஏறுகிறது. ஐரோப்பா என்றால் குளிர் என்று ஸ்வெட்டரை மட்டும் அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் இத்தாலியின் சிசிலித் தீவில் 48.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. 2022 ஜூலையில் இங்கிலாந்திலேயே 40 டிகிரியைத் தாண்டியது. நாங்கள் இத்தாலியின் மிகப் பெரிய ஏரியான கார்தாவின் கரையில் தங்கிய நாட்களில் 36 டிகிரி. தகரப் பெட்டிபோல நிற்கும் வண்டிக்குள்ளே எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் பந்தல் துணியின் கீழே உட்கார்ந்திருந்த மாமியார், “தலை ஒரு மாதிரி சுத்துது” என்றார். உதடு காய்ந்திருந்தது. சர்க்கரை பார்த்தோம், 270. காலை ஊசி போட்டாயிற்று, சாப்பாடும் அளவுதான். நாத்தனார் முகாம் ஆபீசுக்கு ஓடினாள். அவர்கள் பக்கத்து ஊர் டாக்டர் அம்மாளை வரவழைத்தார்கள். அவர் நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தார்?”

யோசித்துப் பார்த்தால் ஒரு காபியும் அரை டம்ளர் மோரும்தான்! முந்தின நாளும் அப்படித்தான். உடம்பில் நீர் வற்றினால் சர்க்கரையின் அளவு ரத்தத்தில் ஏறும், சிறுநீர்த் தாரையில் கிருமி தங்கும், வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியே மந்தமாக இருக்கும் என்று அந்த அம்மாள் விளக்கினார். உப்பு நீர்க் கரைசல் கொடுத்து, நிழலில் படுக்க வைத்து, இரண்டு மணிக்கொரு தரம் சர்க்கரை பார்க்கச் சொன்னார். நல்லவேளை, ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகவில்லை.

சாயங்காலம் ஈரத்துணியால் கால் துடைத்துவிடும்போது மெதுவாகக் கேட்டேன். “ஏன் அத்தை, பாட்டில் பாட்டிலாத் தண்ணி பக்கத்துலதானே இருந்தது?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “தண்ணி குடிச்சா ராத்திரி எழுந்துக்கணும். அந்தப் பெட்டி நிறையும். காலையில என் பிள்ளை அதைத் தூக்கிக்கிட்டு, நாலு வெள்ளைக்காரன் முன்னால வரிசையில நிக்கறான். ஆபீசரா இருக்கறவன். அதைப் பார்த்துட்டு எனக்குத் தொண்டையில தண்ணி இறங்கலே.”

எனக்குப் பேச்சே வரவில்லை. அடுப்புக்கு இரண்டு முழத்தில் கழிவறை இருப்பதுதான் அவருக்குச் சங்கடம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். விஷயம் அதுவல்ல.

இவரிடம் சொன்னேன். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “பத்தாம் கிளாஸ்ல எனக்கு டைஃபாய்டு வந்து இருபது நாள் படுத்துக் கிடந்தேனே, அப்ப பெட்பான் யாரும்மா எடுத்தது? நான் அதுக்காகத் தண்ணி குடிக்காம இருந்தேனா? அந்த வரிசையில எனக்கு முன்னால நின்னவர் இந்த ஊர்ல பெரிய வக்கீலாம். அவரும் பெட்டியோடதான் நின்னார். நீ குடி.”

மாமியார் குடித்தார். முழு டம்ளர். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீல மருந்து கொஞ்சம் தாராளமா ஊத்துடா” என்றார்!

அன்று ராத்திரி தாளில் ஒரு வரி கூடியது: ‘பாட்டிக்குத் தண்ணீர் கொடுப்பது, பேரன்.’ ஒரு லிட்டர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு 8 மணி, 10 மணி, 12 மணி என்று எழுதினோம். பையன் வாட்ச்மேன் மாதிரி வந்து நிற்பான். (இருதயம், சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று தங்கள் டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும்.)

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு

இன்சுலினை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்கு அறையில் உறைந்துபோகலாம். உறைந்த மருந்து உபயோகமில்லை. டாக்டர் கடிதம் கூடவே இருக்கட்டும். வேன் ஃபிரிட்ஜில் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று போட்டு வையுங்கள். கடும் வெயிலிலும், வண்டி சரிந்து நின்றாலும் சில ஃபிரிட்ஜ்கள் சரியாகக் குளிராது. கார்தாவில் எங்களுடையது 14 டிகிரி காட்டியது. பச்சைச் சிலுவை போட்டிருந்த மருந்துக் கடையில் நாத்தனார் விசாரித்தாள். மருந்தோடு வந்த தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, “தேதி எழுதி வையுங்கள், இன்றிலிருந்து 28 நாளுக்குள் உபயோகித்துவிடுங்கள், 30 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள்” என்றார்கள். இந்தக் கணக்கு மருந்துக்கு மருந்து மாறும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று கிளம்புமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் கூழாங்கல் கரையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தினமும் படுக்குமுன் பாதத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டு மணிக்கொரு தரம் வண்டியை நிறுத்தி நடக்க வையுங்கள். மூடிய வண்டிக்குள் குழந்தையையோ பெரியவரையோ ஐந்து நிமிஷம்கூட விட்டுப் போகாதீர்கள்.

புல்வெளியில் விளையாடிவிட்டு வரும் குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் எல்லாம் சாயங்காலம் பார்க்க வேண்டும். அங்கே உண்ணி கடித்து நோய் வருவது உண்டு. கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம். பிறகு சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். எந்த அவசரத்துக்கும் ஐரோப்பிய யூனியன் நாடுகள் எல்லாவற்றிலும் ஒரே எண் 112.

கார்தாவின் வடகரையில் மத்தியானத்துக்கு மேல் தெற்கிலிருந்து காற்று வீசும். பாய்மரப் படகுக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். வேன்காரர்கள் வெளியே போகுமுன் பந்தல் துணியைச் சுருட்டிவிட்டுப் போக வேண்டும்.

படகும் மணியும்

அதற்குப் பிறகு பிரயாணத்தின் போக்கே மாறிவிட்டது. வெனிஸ் நகரத்துக்குள் வண்டியே போகாது. எதிர்க்கரையிலுள்ள ஃபூஸினா முகாமில் நிறுத்திவிட்டுப் படகில் போனோம். மாமியார் கையில் கோடு போட்ட பாட்டிலோடு படகின் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “காசியில கங்கையில போன மாதிரி இருக்கு” என்றார். பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு 2024-லிருந்து சில குறிப்பிட்ட நாட்களில் வெனிஸில் நுழைவுக் கட்டணம் உண்டு. தேதி பார்த்துப் போங்கள்.

அங்கிருந்து ஸ்லோவேனியாவில் ப்ளெட் ஏரி. நடுவில் குட்டித் தீவு, அதில் ஒரு மாதா கோயில். துடுப்புப் படகில் போய் இறங்கினால் 99 படிகள். மேலே கோயில் மணியை அடித்து வேண்டிக்கொண்டால் நடக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. மாமியாரைப் படகுத்துறை நிழலிலேயே உட்காரச் சொன்னோம். கேட்கவில்லை. பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று, பேரன் நீட்டிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அரை மணியில் ஏறிவிட்டார். மணியை அடித்துவிட்டு என்ன வேண்டிக்கொண்டார் என்று மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வழியாக மியூனிக் திரும்பினோம். மொத்தம் 1,600 கிலோமீட்டர். ஒரு பெரிய சுற்றுலா பஸ் இதை மூன்று நாளில் முடித்துவிடும். நாங்கள் பாரிஸ் பார்க்கவில்லை, ரோம் பார்க்கவில்லை. ஆனால் வேளைக்குச் சாதம் சாப்பிட்டு, ஒரு நாளும் ஊசி தவறாமல், ஒரு பெரியவர் மூன்று ஏரிகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

இப்படி ஒரு பிரயாணம் போக உங்களுக்கும் வாய்ப்பு வரலாம். பெண்ணோ பிள்ளையோ வெளிநாட்டில் இல்லாத குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது? வண்டியின் படங்களைப் பார்த்து மயங்குமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் யார் பிடிப்பது, பாத்திரம் யார் கழுவுவது, அந்தப் பெட்டியை யார் தூக்குவது என்று ஊரிலேயே பேசி எழுதிவிடுங்கள். பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே எழுதுங்கள். ‘இது உனக்குச் செய்கிற உபகாரம் இல்லை, எங்கள் எல்லோருடைய வேலை’ என்று அவர்கள் காதில் விழ வேண்டும். வாய்விட்டுச் சொல்லாத கூச்சத்தால் எத்தனையோ தாய்மார்கள் பிரயாணத்தில் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ரயிலில் போனாலும் அப்படித்தான், கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். அடுத்த தடவை வெளியே கிளம்பும்போது உங்கள் வீட்டுப் பெரியவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று ஒரு கண் வைத்துப் பாருங்கள்.